கோயில் என்று எழுதி அடித்த இடங்கள்

சென்ற ஆண்டு அம்மா டோக்கியோவுக்கு வந்திருந்தபோது, அசாகுசாவில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குள் நுழைவதற்கு முன், “கூட்டத்துல பிரிஞ்சுட்டா கோயில் வாசல்ல நின்னுக்கோம்மா, நான் வந்துடறேன்” என்று சொல்லியிருந்தேன். சொல்லி வைத்தாற்போல் பிரிந்தோம். நான் சென்சோஜி ஆலயத்தின் ஹோசோமோன் என்னும் இரண்டடுக்குச் சிவப்பு வாயிலின் கீழ் முக்கால் மணி நேரம் நின்றேன். அம்மாவோ கூப்பிடு தொலைவில், அசாகுசா ஜிஞ்ஜாவின் தோரீ என்னும் கல் வாயிலின் கீழ், உள்ளூர்ச் சிம் இல்லாத கைப்பேசியை வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார். “நீ கோயில் வாசல்னுதானே சொன்னே? இதுவும் கோயில், இதுவும் வாசல்” என்றார். மறுத்துச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. பிழை என் சொல்லில் இருந்தது.

அந்த வாரம்தான், ஊரிலிருந்து வரும் உறவினர்களுக்காகத் தமிழில் ஒரு சிறு வழிகாட்டி எழுதத் தொடங்கியிருந்தேன். எழுதிய முதல் பக்கத்தை எடுத்துப் பார்த்தால், அதில் ‘கோயில்’ என்ற சொல் பதினொரு முறை வந்திருந்தது. ஜப்பானியத்தில் அந்தப் பதினொன்றும் ஒரே சொல் அல்ல. ஜப்பானின் பழைய மதமான ஷிண்டோவின் வழிபாட்டிடம் ஜிஞ்ஜா. பௌத்த வழிபாட்டிடம் தெரா. இந்த அளவுக்கு எல்லாச் சுற்றுலாக் கையேடுகளும் சொல்லிவிடும். ஆனால் ஓர் இடத்தின் பெயருக்குக் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஓரசை ஈரசைகள் இதைவிட அதிகம் சொல்கின்றன: உள்ளே இருப்பது யார், அவருக்கு அரசவையில் என்ன மதிப்பு இருந்தது, நாம் எதுவரை உள்ளே போகலாம் என்பதெல்லாம் அந்த அசைகளில் ஓரளவு அடங்கியிருக்கிறது. கோயில் என்று எழுதியதும் அவையனைத்தும் ஒரே அடியில் அழிந்துபோகின்றன.

தெராவிலிருந்து தொடங்குகிறேன். ஒரே சீன எழுத்தைத் தெரா என்று நாட்டு வழக்கிலும், ஜி என்று சீன வழி ஒலிப்பிலும் படிக்கிறார்கள். அதனால்தான் கியோட்டோவில் கியோமிசுதெரா என்றும் நாராவில் தோதாய்ஜி என்றும் வருகிறது. இரண்டுக்கும் தகுதியில் வேறுபாடு இல்லை. பெயரின் முற்பகுதி எப்படிப் படிக்கப்படுகிறதோ அதற்கேற்ப ஈறும் அமைகிறது, அவ்வளவுதான். அசாகுசா என்ற ஊர்ப்பெயரும் சென்சோ என்ற ஆலயப்பெயரும்கூட எழுத்தில் ஒன்றே. தெரா என்ற சொல் எங்கிருந்து வந்தது என்பதில் ஒத்த கருத்து இல்லை. கொரிய மொழியில் பௌத்த ஆலயத்தைக் குறிக்கும் சொல்லின் பழைய வடிவத்தோடு அதை இணைப்பவர்கள் உண்டு. மூத்த துறவியைக் குறிக்கும் ‘தேர’ என்ற பாலிச் சொல்லிலிருந்து வந்தது என்பவர்களும் உண்டு. இரண்டாவது கருத்து சரியாக இருந்தால், சம்பந்தர் தம் பதிகங்களில் சமணரோடு சேர்த்து வசைபாடும் அந்தத் ‘தேரர்’ கடல் கடந்துபோய்க் கட்டடமாகிவிட்டார் என்று ஆகிறது. எனக்குப் பிடித்த விளக்கம் என்பதற்காக அதை நிறுவப்பட்ட உண்மையாக எழுத மாட்டேன்.

தெராக்களுக்கு இன்னொரு பெயரும் உண்டு, அது மலைப்பெயர். தொடக்ககால மடங்கள் பல மலைகளில் அமைந்திருந்ததால், சமவெளியில் எழுந்தவையும் பின்னர் மலைப்பெயர் சூட்டிக்கொண்டன. சுமிதா ஆற்றங்கரையில் மேடு என்று சொல்ல ஒன்றும் இல்லாத இடத்தில் நிற்கும் சென்சோஜியின் மலைப்பெயர் கின்ரியூசான், அதாவது பொன் நாகமலை. ஆலயத்தின் முதன்மை வாயில் சன்மோன், மலைவாயில்; ஆலயத்தை நிறுவிய துறவி கைசான், மலையைத் திறந்தவர். டோக்கியோவின் தட்டையான தெருக்களில் நடந்துகொண்டே இத்தனை மலைகளைக் கடப்பது எனக்கு இன்னும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

அம்மா நின்ற இடத்துக்கு வருகிறேன். சென்சோஜியின் மரபுக்கதைப்படி 628-ஆம் ஆண்டில் ஹினோகுமா ஹமானாரி, தகெனாரி என்ற உடன்பிறந்த மீனவர் இருவரின் வலையில் கன்னோன் போதிசத்துவரின் சிறு திருவுருவம் சிக்கியது. ஊர்ப் பெரியவரான ஹாஜினோ நகதோமோ அது இன்னதென்று அறிந்து வழிபாட்டுக்கு வைத்தார். திருவுருவம் இருப்பது தெராவில். அதைக் கண்டெடுத்த மூவரும் தெய்வங்களாக இருப்பது பக்கத்து ஜிஞ்ஜாவில். ஒரே கதையின் இரு பாதிகளே இரண்டு மதங்களின் இரண்டு கட்டடங்களாக நிற்கின்றன. அந்த ஜிஞ்ஜாவும் முன்பு அந்தப் பெயரில் இல்லை. மூவரின் நினைவாகச் சன்ஜா கொங்கென் என்று வழங்கிற்று. கொங்கென் என்பது, புத்தரோ போதிசத்துவரோ ஜப்பானியத் தெய்வமாக உருக்காட்டுகிறார் என்ற பொருளுடைய, பௌத்த வாடை நிறைந்த பட்டம்.

1868-இல் மெய்ஜி அரசு ஷிண்டோவையும் பௌத்தத்தையும் பிரிக்க ஆணையிட்டபோது, இத்தகைய பெயர்களுக்குத்தான் முதலில் ஆபத்து வந்தது. கொங்கென் போயிற்று, சில ஆண்டுகளில் அசாகுசா ஜிஞ்ஜா என்ற இன்றைய பெயர் வந்தது. ஜிஞ்ஜா என்ற சொல் நாடு முழுவதும் ஒரே சீரான பொதுப்பெயராக நிலைபெற்றதும் அந்தக் காலத்தில்தான். சென்சோஜி வளாகத்தின் கிழக்கு வாயிலான நிதென்மோன் இந்தப் பிரிவினையைத் தன் உடம்பிலேயே சுமக்கிறது. 1618-இல், வளாகத்துக்குள், படைத்தலைவராக நாட்டை ஆண்ட தொகுகவா இயெயாசுவுக்கு எழுப்பிய சன்னிதியின் வாயிலாக அது கட்டப்பட்டது. சன்னிதி தீக்கிரையாகி மறைந்தபின்னும் வாயில் மட்டும் நின்றது. 1868-க்குப் பிறகு அதிலிருந்த ஷிண்டோ காவலர் சிலைகள் பக்கத்து ஜிஞ்ஜாவுக்குப் போய், பௌத்தக் காவல் தேவர் இருவர் அந்த மாடங்களில் குடியேற, பெயரும் ‘இரு தேவர் வாயில்’ என்று மாறியது. மரமும் கூரையும் அதே. குடியிருப்பவர்களும் பெயரும்தான் வேறு.

கியோட்டோவில் கியோன் என்ற பகுதியை எல்லாருக்கும் தெரியும். அந்தப் பெயர், புத்தர் தங்கியிருந்த ஜேதவனத்தின் சீனப் பெயர்ப்பின் சுருக்கம். அங்கிருந்த கியோன்ஷா 1868-இல் யசாகா ஜிஞ்ஜா ஆனது. பௌத்த வேர் கொண்ட பெயர் ஆலயத்தை விட்டு நீங்கித் தெருவுக்கும் திருவிழாவுக்கும் போய் ஒட்டிக்கொண்டது. (ஜேதவனத்து மடத்தைத் தேடிப் போன ஜப்பானியர்கள் சிலர் 17-ஆம் நூற்றாண்டில் அங்கோர் வாட்டையே அது என்று நம்பினார்கள், மொரிமோதோ கசுஃபுசா என்பவர் 1632-இல் அதன் தூணில் மையால் எழுதிவைத்துவிட்டு வந்த வரிகள் இன்றும் மங்கலாக இருக்கின்றன.) நாராவின் மலைப்பகுதியில் தன்சான் ஜிஞ்ஜா என்ற இடத்தில் பதின்மூன்று அடுக்கு மரக்கோபுரம் ஒன்று நிற்கிறது. ஜிஞ்ஜாவில் பௌத்தக் கோபுரத்துக்கு என்ன வேலை என்று கேட்டால், அந்த இடம் ஆணை வரும்வரை தெராவாக இருந்தது என்பதே விடை. பெயரைத் திருத்தினார்கள், கோபுரத்தை இடிக்கவில்லை. வேறு பல இடங்களில் கோபுரங்கள் தப்பவில்லை.

ஷிண்டோ பக்கத்துப் பழஞ்சொற்கள் எனக்கு இன்னும் நெருக்கமானவை. மியா என்ற சொல்லில் மி என்பது மதிப்பு முன்னொட்டு, யா என்பது வீடு. அரண்மனையும் மியா, தெய்வத்தின் இல்லமும் மியா. அரச குடும்பத்து இளவரசர்களின் பட்டப்பெயர்களிலும் மியா வருகிறது. கோ, இல் என்ற இரண்டும் சேர்ந்து அரசன் மனைக்கும் தெய்வத்தின் மனைக்கும் பொதுவான தமிழ்ச் சொல்லோடு இதற்கு உறவு ஏதும் இல்லை என்றாலும், இரு மொழிகளும் ஒரே எண்ணத்தில் வந்து நின்றிருக்கின்றன. ஆக, என் பதினொரு கோயில்களில் மியா ஒன்றுக்கு மட்டுமாவது அந்தச் சொல் அச்சாகப் பொருந்தும்.

யாஷிரோ வேறு வகை. யா என்றால் இங்கும் வீடுதான். ஷிரோ என்பது ஒன்றுக்கென்று ஒதுக்கிய இடம் என்று விளக்குவார்கள். நெல் நாற்றங்காலை நவாஷிரோ என்பதில் வரும் ஷிரோவும் அதுவே. அப்படியானால் யாஷிரோ என்பது கட்டடத்தின் பெயரே அன்று. வீடு எழவேண்டிய நிலத்தின் பெயர். விழாவுக்கு இடத்தைத் துப்புரவாக்கி, தெய்வத்தை வரவழைத்து, முடிந்தபின் கலைத்துவிட்ட ஒரு காலத்தை அந்தச் சொல் காட்டுகிறது என்ற விளக்கம் எனக்கு ஏற்புடையதாகத் தெரிகிறது. நாராவில் மிவா மலையடிவாரத்திலுள்ள ஓமிவா ஜிஞ்ஜாவில் இன்றும் கருவறைக் கட்டடம் கிடையாது. மலையே தெய்வத்தின் இருப்பிடம் என்பதால், முன்னால் வழிபாட்டு மண்டபம் மட்டும் உண்டு. மண்டபத்துக்குப் பின்னால் மூன்று தோரீகள் ஒன்றாக இணைந்த வாயில், அதற்கப்பால் மரங்கள்.

இசேயிலுள்ள ஷிண்டோ பேராலயத்தில் நிலம் இரண்டு. அடுத்தடுத்துள்ள இரு மனைகளில் ஒன்றில் ஆலயம் இருக்க, மற்றது கூழாங்கல் பரப்பி வெறுமையாகக் கிடக்கும். இருபது ஆண்டுக்கு ஒரு முறை வெறும் மனையில் புதிதாகக் கட்டித் தெய்வத்தை அங்கே எழுந்தருளச் செய்துவிட்டுப் பழையதைப் பிரித்துவிடுவார்கள். 690-இல் தொடங்கிய இந்தச் செங்கூ, உள்நாட்டுப் போர்க்காலத்தில் நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் தடைப்பட்டும் மறையாமல், 2013-இல் 62-ஆவது முறையாக நடந்தது, அடுத்தது 2033-இல். செங்கூ என்ற சொல்லுக்கு மியாவை மாற்றுதல் என்று பொருள்; கூ என்பது மியாவின் சீன வழி ஒலிப்பு. இசுமோ ஆலயத்தில் நடப்பதோ நம் ஊர்க்காரர்களுக்கு விளக்கமே தேவைப்படாத ஒன்று: 2008-இல் தெய்வத்தைக் கரிதென் என்னும் தற்காலிக மண்டபத்துக்கு மாற்றி, கூரை வேலைகளை முடித்து, 2013-இல் மூலக் கட்டடத்துக்கு மீண்டும் கொண்டுவந்தார்கள். கரிதென் என்பதற்கு நான் தேடாமலே தமிழ்ச் சொல் கிடைத்தது: பாலாலயம்.

இந்த இடங்களின் ஈறுகளுக்குள்ளே ஒரு படிநிலையும் உண்டு. 927-இல் தொகுத்து முடிக்கப்பட்ட எங்கிஷிகி என்னும் சட்ட நடைமுறைத் தொகுப்பு 2,861 ஆலயங்களையும் அவற்றிலுள்ள 3,132 தெய்வங்களையும் பட்டியலிடுகிறது. அத்தனைக்குள் ஜிங்கூ என்ற பட்டம் இசே, கஷிமா, கதோரி ஆகிய மூன்றுக்கே கிடைத்தது. இசேயின் முறையான பெயரில் ஊர்ப்பெயர்கூடக் கிடையாது. வெறுமனே ஜிங்கூ என்றால் அதுதான். தாய்ஷா என்ற ஈறு நெடுங்காலம் இசுமோவையே சுட்டியது. போருக்குப் பிறகுதான் கசுகாவும் ஃபுஷிமி இனாரியும் அதைத் தம் பெயரில் சேர்த்துக்கொண்டன. பதவி உயர்வும் உண்டு. நிக்கோவில் இயெயாசுவுக்கு எழுப்பிய ஆலயம் முதலில் தோஷோஷா என்றிருந்து, 1645-இல் அரசவை அளித்த ஆணையால் தோஷோகூ ஆயிற்று. கடைசி அசை ஒன்றை மாற்ற அரசவை கூடியிருக்கிறது. நானோ எல்லாவற்றையும் ஒரே சொல்லில் முடித்திருந்தேன்.

வாசலைத் தாண்டி உள்ளே போனால் சொற்கள் இன்னும் கூர்மையாகின்றன. ஜிஞ்ஜாவில் நாம் காசு போட்டு, மணிக்கயிற்றை ஆட்டி, இரு முறை குனிந்து, இரு முறை கைதட்டி நிற்கும் கட்டடம் ஹைதென், வழிபாட்டு மண்டபம். தெய்வம் இருப்பது அதற்குப் பின்னாலுள்ள ஹோந்தெனில். அங்கே பொதுமக்கள் போவதில்லை, பல இடங்களில் அதன் கூரை மட்டுமே மரங்களுக்கு மேல் தெரியும். தெராவின் ஹோந்தோ அப்படியன்று. பலவற்றில் காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் பாயில் அமரலாம், புத்தரை நேர்முகமாகப் பார்க்கலாம். தென் என்ற ஈறு அரசர்க்கும் தெய்வத்துக்கும் உரிய மாளிகையை நினைவூட்டுவது. தோ என்ற ஈறு மனிதர் கூடும் மண்டபத்தை. ஆனால் இதை விதியாக நம்பிவிடக் கூடாது. தோதாய்ஜியில் பெரிய புத்தர் வீற்றிருக்கும் மண்டபம் தாய்புத்சுதென், ஹோரியூஜியின் எண்கோண மண்டபம் யுமெதோனோ (தோனோவும் தென்னும் ஒரே எழுத்துதான்). தெய்வங்களை எண்ணும் வழக்கமும் தனி: ஒருவர், இருவர் என்று சொல்லாமல் ஒரு தூண், இரு தூண் என்பார்கள். சங்கப் பாடல்களில் தெய்வம் உறையும் தூணான கந்து நினைவுக்கு வராமல் போகாது; ஆனால் அது வெறும் நினைவுதான். தோரீயைத் தோரணத்தோடு முடிச்சுப் போடும் ஆர்வத்தையும் இதே காரணத்தால் நான் அடக்கிக்கொள்கிறேன்.

உண்மையாகவே நம் பக்கத்திலிருந்து போன சொற்கள் இருக்கும்போது ஒலி ஒப்புமைகளுக்கு அலையத் தேவையில்லை. ஆலய வளாகத்தைக் குறிக்கும் கரான், சங்காராமம் என்ற சமஸ்கிருதச் சொல் சீனம் வழியாகத் தேய்ந்து வந்தது. கோபுரத்தைக் குறிக்கும் தோ (மண்டபத்தைக் குறிக்கும் தோவுக்கு வேறு எழுத்து), ஸ்தூபம் என்ற சொல்லின் எஞ்சிய ஓரசை. நம்மிடம் அதே சொல் தூபி என்று நிற்கிறது. அந்த ஓரசை இன்று எங்கெல்லாம் போயிருக்கிறது என்றால், மின்கம்பி தாங்கும் இரும்புக் கோபுரம் தெத்சுதோ, விமான நிலையத்துக் கட்டுப்பாட்டுக் கோபுரம் கன்செய்தோ. வயல்வெளி நெடுக இரும்புத் தூபிகள் நிற்கின்றன. துறவிகளின் சமையற்கட்டும் குடியிருப்பும் சேர்ந்த கட்டடம் கூரி; மடைப்பள்ளி என்றே எழுதிவிட்டேன். ஜென் மடத்தின் தலைவர் வாழும் இடம் ஹோஜோ, பத்தடிச் சதுரம். பௌத்த நூலில் வரும் இல்லறத்தாரான விமலகீர்த்தியின் சிற்றறையைக் குறித்த அளவு, பிறகு அறையின் பெயராகி, அங்கு வாழும் துறவியின் பட்டமும் ஆயிற்று. ஆதீனத் தலைவரைச் சந்நிதானம் என்று அழைத்துப் பழகியவர்களுக்கு இது விந்தையாகத் தோன்றாது.

சடங்குக்கென்றே கட்டப்படும் இடங்களில் மிகப் பெருமை வாய்ந்தது, சில வாரங்களே நிற்பது. புதிய பேரரசர் பட்டமேற்றபின் ஒரே ஒரு முறை செய்யும் தாய்ஜோசாய்க்காக எழுப்பும் தாய்ஜோகூவைச் சொல்கிறேன். 2019 நவம்பர் 14 இரவும் 15 விடியலுக்கு முன்னும், யுகிதென், சுகிதென் என்னும் இரு மண்டபங்களில் பேரரசர் தோச்சிகி, கியோட்டோ வயல்களின் புதுநெல் அரிசியைத் தெய்வங்களுக்குப் படைத்தார். மண்டபங்களில் மரப்பட்டை உரிக்காத தூண்கள். புல் வேய வேண்டிய கூரை, செலவைக் குறைப்பதற்காக அந்த முறை பலகையாலானது. பிறகு சில நாள் பொதுமக்கள் பார்க்க விட்டுவிட்டு, எல்லாவற்றையும் பிரித்துவிட்டார்கள். யாஷிரோ என்ற சொல்லின் பொருளை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டிவிட முடியாது.

அன்றாட வாழ்வில் தட்டுப்படும் சடங்குக் கட்டடம் சாய்ஜோ. தூய்மை காத்தலைக் குறிக்கும் எழுத்தில் தொடங்கும் அந்தச் சொல், ஒரு காலத்தில் வழிபாட்டுக்குத் தூய்மைப்படுத்திய இடத்தைச் சுட்டியது. இன்று ரயில் நிலையப் பலகைகளில் அதைக் கண்டால் ஈமச்சடங்குக் கூடம் என்று பொருள். திருமண விருந்துக்குப் போக வேண்டிய நான், இந்த எழுத்து புரியாத முதல் ஆண்டில், கையில் அன்பளிப்பு உறையோடு ஒரு சாய்ஜோவின் வரவேற்பு மேசையில் பெயர் சொல்லி நின்றிருக்கிறேன். கறுப்பு உடுத்தியிருந்த அந்த அம்மையார், முகத்தில் ஒரு மாற்றமும் காட்டாமல் அடுத்த தெருவைக் கைகாட்டினார்.

அம்மா ஊர் திரும்புவதற்கு முந்தைய நாள் ஒச்சனோமிசுவுக்குப் போனோம். கந்தா ஆற்றின் மேல் 1927-இல் கட்டிய ஹிஜிரிபாஷி, அதாவது புனிதப் பாலம், பெயர் பெற்றதே இரு கரையிலும் உள்ள இரு செய்தோக்களை, புனித மண்டபங்களை, இணைப்பதால்தான். வடகரையில் யுஷிமா செய்தோ, கன்ஃபூசியசுக்கு உரியது. தென்கரையில் ஜப்பானிய மரபுவழித் திருச்சபையின் பேராலயம்; ஊரார் நிகோராய்தோ என்பார்கள், முறையான பெயரில் தாய்செய்தோ என்று வருகிறது. பாலத்திலிருந்து சிறிது மேலே நடந்தால் கந்தா மியோஜின். 1868-க்கு முந்தைய தெய்வப்பட்டத்தை ஊரார் வாய் விடவில்லை, ஏட்டில் மட்டும் கந்தா ஜிஞ்ஜா. சீன முனிவர், கிறிஸ்து, ஷிண்டோ தெய்வம் மூவரும் பத்து நிமிட நடைக்குள். கிறித்தவ ஆலயத்துக்கு இன்று வழங்கும் பொதுச்சொல் கியோகாய். ஆனால் 1576-இல் கியோட்டோவில் ஏசு சபையினர் கட்டிய ஆலயத்தை ஊரார் நன்பன்ஜி என்றார்கள், தென்னாட்டு அயலாரின் தெரா. மாதா கோயில் என்று சொல்லி வளர்ந்த அம்மாவுக்கு அதில் வியப்பு ஒன்றும் இல்லை.

அதற்குள் அம்மா தனக்கென்று ஒரு பாகுபாடு செய்து வைத்திருந்தார். ஜிஞ்ஜாவில் தொங்கும் தடித்த வைக்கோல் வடத்தைப் பார்த்து அதற்குக் ‘கயிறு கட்டின கோயில்’ என்று பெயர். சென்சோஜியின் பெரிய ஊதுவத்திக் கொப்பரையைப் பார்த்துத் தெராவுக்குப் ‘புகை போடுற கோயில்’ என்று பெயர். என் பக்கத்திலுள்ள அத்தனை அடித்தல்களையும்விட இது தெளிவாக இருந்ததால், வழிகாட்டியில் ஜிஞ்ஜா, தெரா என்ற சொற்களுக்குப் பக்கத்தில் இவற்றையே எழுதிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே நிகோராய்தோவின் கதவைத் தள்ளினேன். உள்ளே மெழுகுவத்திகள், பொன்னிறத் திருவுருவப் படங்கள். அம்மா இரண்டடி வைத்து நின்று, மூக்கை உயர்த்தி, என் முழங்கையைப் பிடித்தார்.

“சாம்பிராணி வாசனை அடிக்குதே. இதுவும் புகை போடுற கோயிலா?”